பற்சிகிச்சையும் இளைப்பாறியோரும்

மனிதன் தன் கண்ணாற் பார்த்துத் தானே தீர்ப்புச் சொல்ல முடியாத உறுப்புக்களுள் வாயும் ஒன்று. கண்ணாடி கையில் இருந்தாலும், கடைவாய்ப் பல்லின் பின்புறத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை அப்பல்லுக்கு உடையவன் அறியான். பல் வைத்தியரின் நாற்காலியிற் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டாலோ, கேள்வி கேட்பதற்கு வேண்டிய நாவும் அவன் வசத்தில் இல்லை. அந்நிலையில், "நாலு பல்லுப் பழுது, உடனே பார்க்கவேண்டும்" என்று ஒருவர் கூறினால், அதனை ஏற்பதா, மறுப்பதா, ஆறப்போடுவதா என்பது எளிதில் விடை காணக்கூடிய வினா அன்று. மாதச் சம்பளம் நின்று ஓய்வூதியத்தில் வாழ்க்கை நடத்துவோருக்கு இவ்வினா மேலும் கடுமையானது. செலவு செய்தபின் அப்பணத்தை மீண்டும் உழைத்துத் தேடும் காலம் அவர்களுக்குக் கடந்துவிட்டது.

மானிப்பாயிலே அறுபது வயதில் இளைப்பாறிய ஓர் ஆசிரியை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கடைவாய்ப் பல்லில் சிறு துண்டு உடைந்ததென்று அவர் வைத்தியரிடம் போகின்றார். திரும்பி வரும்போது கையில் ஒரு கணக்குத் துண்டு இருக்கின்றது. இரண்டு பல்லுக்கு வேர்ச் சிகிச்சை, நான்கு பல்லுக்கு மேலுறை, பழைய வெள்ளி நிற அடைப்புக்களை எடுத்துவிட்டுப் புதியவை, எப்பொழுதோ பிடுங்கிய பல்லின் இடத்தில் தாடையெலும்பிற் பதிக்கும் செயற்கைப் பல் என்று அதன் நிரல் நீளுகின்றது. பணிக்கொடையாகக் கிடைத்த தொகையில் ஒரு பெரும் பங்கு அதற்கே வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் தொலைபேசியில், "காசைப் பற்றி யோசியாதேயுங்கோ அம்மா, செய்விச்சுப் போடுங்கோ" என்கின்றான். பக்கத்து வீட்டார், "உதெல்லாம் வீண் செலவு, பல்லைப் பிடுங்கிப்போட்டு இருங்கோ" என்கின்றனர். மகனின் சொல் அன்பினாற் பிறந்தது. அயலாரின் சொல் அச்சத்தினாற் பிறந்தது. ஆயினும், எந்தப் பல்லுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்ற கேள்விக்கு இவ்விரண்டும் விடையல்ல.

இச்சிக்கலின் வேரைப் பொருளியல் அறிஞர் ஆராய்ந்திருக்கின்றனர். சந்தையிலே கத்தரிக்காய் வாங்குகின்றவர் அதன் பழுதைக் கண்ணாற் கண்டு விலக்கலாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் சுவையை வெட்டித் தின்றபின் அறியலாம். நன்றாயில்லையெனின் அடுத்தமுறை வேறு வியாபாரியிடம் போகலாம். ஆனால் வாங்கி அனுபவித்த பின்னரும், அது தமக்கு வேண்டியதுதானா என்று அறிய முடியாத பண்டங்களும் உள. 1973ஆம் ஆண்டிலே மைக்கல் டார்பி, எடி கார்னி என்னும் இருவர் இத்தகையவற்றை நம்பிக்கைப் பண்டங்கள் என்று வகுத்தனர். மோட்டார் வண்டித் திருத்தமும் வைத்தியமும் இவ்வகையைச் சேர்ந்தவை. நலமாயிருந்த பல்லுக்கு மேலுறை போட்டால் அப்பல் பின்னரும் நோவின்றி இருக்கும். சிகிச்சை பலித்தது என்றே நோயாளி மகிழ்வார். நோயைக் கண்டு சொல்பவரும், மருந்தை விற்பவரும், பணத்தை வாங்குபவரும் ஒருவரே ஆகும்போது தராசு ஒருபுறம் சாய்தற்கு இடமுண்டு.

இது வெறும் ஊகம் அன்று. 1997ஆம் ஆண்டில் அமெரிக்க மாத இதழான றீடர்ஸ் டைஜஸ்ற்றுக்காக வில்லியம் எக்கென்பார்கர் என்னும் பத்திரிகையாளர் 28 மாநிலங்களில் 50 பல் வைத்தியர்களிடம் சென்று தம் வாயைக் காட்டினார். ஒரே வாய், அதே பற்கள். ஆயினும் அவர்கள் கூறிய செலவு 500 டொலருக்கும் குறைந்த தொகையிலிருந்து ஏறக்குறைய 30,000 டொலர் வரை வேறுபட்டது. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத்திலே ஆராய்ச்சியாளர் சிலர் அடைக்கத் தேவையில்லாத மேலெழுந்த சூத்தை ஒன்றை உடைய ஒருவரை 180 பல் வைத்தியர்களிடம் அனுப்பினர். 2020இல் வெளிவந்த முடிவின்படி நூற்றுக்கு 28 பேர் வேண்டாத சிகிச்சையைச் செய்யுமாறு கூறினர். காத்திருப்போர் குறைந்த இடங்களிலேயே இவ்வாறு கூறுவது மிகுதியாகக் காணப்பட்டது.

இச்செய்தியை இருபுறமும் நோக்குதல் வேண்டும். நூற்றுக்கு 28 பேர் வேண்டாததைக் கூறினர் என்றால், எஞ்சிய 72 பேர் அவ்வாறு கூறவில்லை என்பதும் அதனுள் அடங்கும். ஆதலின் பல் வைத்தியர் யாவரும் ஏமாற்றுவோர் என்று எண்ணுவது பெருந்தவறு. அன்றியும், மிகையாகக் கூறுவோர் எல்லோரும் வேண்டுமென்றே வஞ்சிப்போர் அல்லர். இன்று சிறிதாயுள்ள சூத்தை நாளை பெருகிவிட்டால் தம்மைப் பழிப்பார்களே என்று அஞ்சி முன்கூட்டியே அடைக்க விரும்புவோர் உளர். கடன்பட்டுக் கருவிகள் வாங்கியவரின் கண்ணுக்கு அக்கருவிகளுக்கு ஏற்ற நோயே முன்னே தோன்றுவதும் இயல்பு. நேர்மையான இருவர் ஒரே பல்லைக் குறித்து வேறுபட்ட கருத்துக் கொள்ளவும் கூடும். ஆகவே நோயாளிக்கு வேண்டியது, நல்லவரை இனங்காணும் முறையேயன்றி எல்லோரையும் ஐயுறும் மனப்பான்மை அன்று.

அம்முறையைத் தேடுவோருக்கு மானிப்பாயின் பழைய வரலாறே ஒரு வழியைக் காட்டுகின்றது. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயைத் தம் பணிக்குரிய இடமாகக் கொண்டார். அவர் பெயரால் விளங்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவ்வூரில் இருக்கின்றது. அவர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணவருக்குக் கற்பித்தார். பிற்காலத்தில் அதனைத் தமிழ் மொழியிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடி வெளியூர் செல்வர். தமிழிற் கற்றவர் கிராமத்து மக்களோடு தங்குவர் என்பது அவர் கருத்து. அம்முயற்சியினால் மற்றொரு நன்மையும் விளைந்தது. வைத்தியரின் அறிவு நோயாளியின் மொழியிலே பேசத் தொடங்கிற்று. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, செய்யப்போவது இன்னது என்பதை நோயாளிக்கு விளங்கும் தமிழில், அவசரப்படாமற் சொல்லக்கூடிய வைத்தியரே நம்பத்தக்கவர். இன்றும் இதனை முதல் உரைகல்லாகக் கொள்ளலாம்.

இனி, எங்கே தொடங்குவது என்பதைப் பார்ப்போம். இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலைகளின் சிகிச்சை இலவசமானது; பற்சிகிச்சையும் அதனுள் அடங்கும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை, சாவகச்சேரி, பருத்தித்துறை ஆகிய இடங்களின் ஆதார வைத்தியசாலைகளிலும் பற்சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. காலையிற் சென்று இலக்கம் எடுத்துக் காத்திருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் இளைப்பாறியோரிடம் பணத்தைவிட நேரம் சற்றுத் தாராளமாக உண்டு. அன்றியும், அங்கே பல்லைப் பார்ப்பவருக்கு ஒரு பல்லை அடைப்பதாலோ விடுவதாலோ வருமானம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆதலின் தனியார் நிலையத்திற் பெருஞ்செலவான சிகிச்சை கூறப்பட்டவர், முதலில் அரசாங்கப் பிரிவிலே ஒருமுறை காட்டுதல் சிறந்த வழியாகும். சிகிச்சையை எங்கே செய்வது என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம். நோய் இன்னதென்ற தீர்ப்பையாவது செலவின்றிப் பெறலாம். கட்டுப்பல் செய்வதற்கும் நிபுணரின் சிகிச்சைக்கும் எந்த வைத்தியசாலையில் வசதி உண்டு, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பவற்றையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

தனியார் நிலையத்துக்குச் செல்வோர் முதலிற் பார்க்கவேண்டியது பதிவு. இலங்கையிற் பல் வைத்தியர் ஒவ்வொருவரும் இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். தனியார் வைத்திய நிலையங்களோ 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியவை. சிகிச்சை செய்பவரின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நேர்மையானவர் அதனைச் சுவரிலே தொங்கவிட்டிருப்பார். குறைந்த செலவிற் பல் கட்டித் தருவதாகக் கூறிப் பதிவின்றித் தொழில் செய்வோரிடம் போதல் சிக்கனம் அன்று. சரியாகக் கிருமி நீக்காத கருவியினால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் பரவக்கூடும். பொருந்தாத கட்டுப்பல்லினால் முரசு புண்பட்டு, நல்ல பற்களும் ஆட்டங்காணக்கூடும்.

அடுத்தது கேள்விகள். வாயைத் திறப்பதற்கு முன்னர் அல்லது மூடிய பின்னர், நாற்காலியில் நிமிர்ந்து இருந்துகொண்டு ஐந்து கேள்விகளைக் கேட்டல் நன்று. எந்தப் பல்லில் என்ன நோய்? அதைக் கண்ணாடியிலோ எக்ஸ்-கதிர்ப் படத்திலோ காட்ட முடியுமா? இப்போது ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன நேரும்? இதைவிடச் சிறிய அல்லது மலிவான வழி உண்டா? முழுச் செலவும் எவ்வளவு, எத்தனைமுறை வரவேண்டும்? இவற்றுள் மூன்றாவது கேள்வியே மிக முக்கியமானது. "ஆறு மாதம் பார்க்கலாம்" என்று கூறத் துணியும் வைத்தியர், நாளை "உடனே செய்யவேண்டும்" என்று கூறும்போது நம்பத்தக்கவர் ஆகின்றார். கேள்வி கேட்டவுடன் முகஞ்சுளிப்பவரிடமும், "இன்றைக்கே முற்பணம் கட்டினால் விலை குறையும்" என்பவரிடமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வருதல் தவறாகாது.

பெருந்தொகை செலவாகும் எந்தச் சிகிச்சைக்கும் இரண்டாவது வைத்தியர் ஒருவரின் கருத்தை நாடுதல் வேண்டும். எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டுசென்றால் இரண்டாம் முறை படமெடுக்கும் செலவு மிஞ்சும். ஆனால் முதல் வைத்தியர் கூறியதை இரண்டாமவருக்கு முன்னரே கூறிவிடுதல் ஆகாது. பரீட்சை வினாத்தாளோடு விடையையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது அது. இருவரும் ஒன்றையே கூறினால் மனம் தெளியும். வேறுபட்டால், ஏன் வேறுபடுகின்றது என்று கேட்டறியலாம்.

சில சிகிச்சைகளை ஏற்பதற்கு முன்னர் இருமுறை யோசித்தல் நன்று. நோவும் பழுதும் இல்லாத பழைய வெள்ளி நிற அடைப்பை, அதில் இரசம் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக எடுத்துவிட வேண்டியதில்லை. நல்ல நிலையிலுள்ள அடைப்பை அகற்ற வேண்டாம் என்றே அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2020இல் அறிவுறுத்தியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாவரும் பல்லைக் காட்டியே தீரவேண்டும் என்ற பழைய விதியும் இன்று தளர்ந்துவிட்டது. 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, நோய் வரும் அபாயம் குறைந்தவர்களிடையே ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினோருக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை காட்டினோருக்கும் நான்கு ஆண்டுகளின் பின் பல்லின் நலத்தில் வேறுபாடு இல்லை என்று கண்டது. ஆனால் நீரிழிவு உடையோரும், வெற்றிலை, புகையிலை, சுருட்டுப் பழக்கம் உடையோரும், வாய் வறட்சி உடையோரும் அபாயம் குறைந்தோர் அல்லர். அவர்கள் அடிக்கடி காட்டுதலே தகும். பல்லை வெண்மையாக்குவதற்காக நல்ல பல்லைச் சீவி மேலுறை போடுதலும் ஆகாது. சீவிய பல் மீண்டும் வளராது. மறுபுறத்தில், வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு மேலுறை பெரும்பாலும் வேண்டியதே. அதனை வீண் செலவு என்று விட்டால் பல் பிளந்து, முன்செய்த செலவும் வீணாகலாம்.

விழுந்த ஒவ்வொரு பல்லுக்கும் மாற்றுப் பல் வைக்கவேண்டுமா? இக்கேள்வி இளைப்பாறியோரைப் பெரிதும் வருத்துவது. வாயில் 32 பற்கள் தோன்றினாலும், ஒன்றோடொன்று பொருந்தும் 20 பற்கள் இருந்தாற் பெரும்பாலோர் நன்றாக உண்ணலாம் என்பது பல் வைத்திய அறிஞர் கருத்து. உலக சுகாதார நிறுவனமும் இவ்வெண்ணையே இலக்காகக் கொண்டது. யப்பான் தேசம் 1989இல் எண்பது வயதில் இருபது பல் என்ற நோக்குடன் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஆதலின் பின்னாலுள்ள ஒரு கடைவாய்ப் பல் இல்லாதவர், உண்பதற்கு இடைஞ்சல் இல்லையெனின், அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்பதில் தவறில்லை. பல பற்கள் இழந்தவருக்குக் கழற்றி மாட்டும் கட்டுப்பல், நிலையான பாலம், எலும்பிற் பதிக்கும் பல் என மூன்று வழிகள் உண்டு. விலை கூடியதே எல்லோருக்கும் சிறந்தது என்று கொள்ளலாகாது. எலும்பின் அளவு, நீரிழிவின் கட்டுப்பாடு, பின்னர்ப் பேணும் வசதி என்பவற்றைப் பொறுத்தே அது முடிவாகும்.

வேண்டாத சிகிச்சையை விலக்குவது ஒருபுறம். வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடாமை மறுபுறம். பின்னையதிலே தவறுவோர் இழப்பது பணத்தை மாத்திரம் அன்று. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமற் போனால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மருந்துக் கடையிற் கிருமிகொல்லி வாங்கி விழுங்கிப் பல்லுக்கொதியை அடக்க முயல்வது நோயின் மூலத்தை அப்படியே விட்டுவிடும். இரண்டு கிழமைக்கு மேலாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றை நோவு இல்லை என்று விட்டுவிடலாகாது. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் வகுத்திருக்கின்றது. தொடக்கத்திலே கண்டுகொண்டால் குணமாக்கக்கூடிய இந்நோய்க்குத் தெல்லிப்பழையிலேயே சிகிச்சை வசதி உண்டு. பற்கள் யாவும் விழுந்து கட்டுப்பல் அணிந்தவரும் ஆண்டுக்கு ஒருமுறை வாயைக் காட்டுதல் இதன் பொருட்டேயாம்.

இளைப்பாறியோர் வைத்தியரிடம் மறவாது கூறவேண்டியது, தாம் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர். மருந்துத் துண்டையே கொண்டுசென்று காட்டுவது எளிது. இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மருந்தைப் பல் பிடுங்குவதற்காகத் தாமாகவே நிறுத்துதல் ஆபத்தானது. அதை இரு வைத்தியர்களும் கலந்து முடிவு செய்யவேண்டும். எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளை உண்போருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடையெலும்பு ஆறாமற் போவதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துகள் சில உமிழ்நீரைக் குறைக்கும். உமிழ்நீர் குறைந்தாற் சூத்தை விரைந்து பரவும். முரசு தேய்ந்து வெளித்தெரியும் பல்லின் வேரையே அது முதலிற் பற்றும்.

யாவற்றினும் செலவு குறைந்த வைத்தியம் வீட்டிலேயே நடப்பது. புளோரைட்டு அடங்கிய பற்பசையினாற் காலையும் இரவும் மெல்லிய தூரிகைகொண்டு துலக்குதல், துலக்கியபின் நிறைய நீர்விட்டுக் கொப்பளியாமல் துப்பிவிடுதல், பல்லிடுக்கைத் துப்புரவு செய்தல், கட்டுப்பல்லை இரவிற் கழற்றிக் கழுவி வைத்தல் ஆகிய இவையே அவ்வைத்தியம். உமிக்கரியும் செங்கற்றூளும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பது யாழ்ப்பாணத்துக்கு இனிய வழக்கமே. ஆயினும் நாளில் ஐந்தாறு முறை அவ்வாறு செய்தால் பல்லுக்கு ஓய்வில்லை. இனிப்பை உணவோடு சேர்த்து உண்டு, இடைவேளைத் தேநீரை இனிப்பின்றிக் குடித்தாற் பல்லும் பிழைக்கும், நீரிழிவும் அடங்கும்.

இனி மானிப்பாய் ஆசிரியையிடம் மீண்டும் செல்வோம். அவர் கணக்குத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுகிழமை யாழ்ப்பாணத்துக்கு வஸ் ஏறுகின்றார். போதனா வைத்தியசாலையில் அரை நாள் காத்திருக்கின்றார். உடைந்த பல்லை அடைக்கலாம், மற்றொன்றுக்கு மாத்திரம் வேர்ச் சிகிச்சை வேண்டும், ஏனையவற்றை விட்டுப் பார்க்கலாம் என்று அங்கே கூறப்படலாம். அல்லது, முதல் வைத்தியர் கூறியதிற் பெரும்பகுதி சரியே என்று தெரியவரவும் கூடும். எதுவாயினும் அவர் அரை நாளை இழந்து தெளிவைப் பெற்றுத் திரும்புகின்றார். மகனுக்கு அன்றிரவு விடை கூறும்போது, எந்தப் பல்லுக்கு எதற்காக எவ்வளவு என்று வகுப்பிற் பாடம் சொல்வதுபோல் அவராற் சொல்ல முடிகின்றது. தன் உடம்பில் நடப்பதைத் தன் மொழியில் விளங்கிக்கொண்டு இசைவு கொடுப்பவரை ஏமாற்றுவது எளிதன்று. அவ்வாறு விளங்கவைக்கும் வைத்தியர் ஒருவர் வாய்த்துவிட்டால், அவரை விட்டு மாறாது, அவரிடமே ஆண்டுதோறும் செல்வதே இளைப்பாறியோர் தம் பல்லுக்கும் பணத்துக்கும் செய்துகொள்ளக்கூடிய நல்ல காப்பு.